துருவம் தாழ்ந்த ஊருக்கு ஒரு தொலைநோக்கி: பழைய ஆறு அங்குலத்தை டாப்சோனியனாக மாற்றிய அனுபவம்

திருநெல்வேலியில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 8.7 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. அந்த முஷ்டிக்குப் பின்னால் துருவம் மறைந்துவிடும். பாளையங்கோட்டையில் மொட்டை மாடியில் ஏறி வடக்கே பார்த்தால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னையோ குறுக்கே நிற்கும். வெட்டவெளிக்குப் போனாலும் அடிவானத்துப் புழுதியில் அது மங்கித்தான் தெரியும். எங்கள் ஊர் வானியல் குழுவிடம் இருந்த ஆறு அங்குலத் தொலைநோக்கி வெகுகாலம் உறைக்குள்ளேயே கிடந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

நான் பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வானத்தைப் பார்க்கும் ஆசை சின்ன வயதிலிருந்தே உண்டு. குழுவில் சேரப் போனபோது படிவம், சந்தா என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். எல்லாருக்கும் அவர் 'சார்'. "என்ன தொழில் செய்யுதிய?" என்று கேட்டார். சொன்னேன். "அப்பம் பேரிங், உராய்வு எல்லாம் தெரியும்லா? உங்களமாதிரி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருக்கோம்" என்று நேரே அந்த உறையைக் கழற்றிக் காட்டினார். நான் குழுவில் சேர்ந்தது அப்படித்தான்.

உள்ளே இருந்தது நியூட்டன் வகைத் தொலைநோக்கி: குழலின் அடியிலுள்ள குழி ஆடி ஒளியைக் குவிக்கும், மேலே உள்ள சின்னத் துணை ஆடி அதைப் பக்கவாட்டில் ஐபீஸுக்கு, அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லைக்கு, திருப்பிவிடும். ஆடியின் விட்டம் 150 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ.; அதாவது எஃப்/8 (குவியத் தூரம் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு). நல்ல ஆடி. நெருக்கடி முழுவதும் அது உட்கார்ந்திருந்த ஈக்வடோரியல் மவுண்டில்தான் (மவுண்ட் என்பது குழலைத் தாங்கித் திருப்பும் அமைப்பு). அந்த மவுண்டின் ஓர் அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகச் சாய்ந்து துருவத்தைப் பார்க்க வேண்டும். அப்படி வைத்தால்தான் ஒரே ஒரு குமிழைத் திருப்பி நட்சத்திரத்தைத் தொடர்ந்து பிடிக்க முடியும். சாய்வு அந்தந்த ஊரின் அட்சரேகை அளவு: லண்டனில் 51 பாகைக்குச் சற்று மேல், டெல்லியில் 28½. நம் ஊரில் 8.7. அதாவது அச்சு கிட்டத்தட்டப் படுத்தேவிடும். அப்படிப் படுத்தால் எடைக்கல் கோர்த்த தண்டு கீழே தொங்கி முக்காலியின் காலில் இடிக்கிறது. சாய்வைத் தாங்கும் போல்ட்டின் மேல் மொத்தப் பாரமும் விழுகிறது. எங்களுடையதில் அந்த போல்ட் வில்லாக வளைந்திருந்தது. குமிழைத் திருப்பினால் அச்சைச் சுழற்றும் வார்ம் கியரின் பித்தளைப் பற்களும் தேய்ந்து, கிரீஸ் இறுகிப் பிசினாகக் கிடந்தது.

மவுண்டைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். லேத்தில் கொடுத்து வார்ம் கடைந்து, காலை உயர்த்த ஒரு தூண் பற்றவைத்து, வளையாத போல்ட் போடலாம். ஆனால் அவ்வளவும் செய்தபிறகும் ஒவ்வொரு இரவும் கண்ணுக்குத் தெரியாத துருவத்தை நோக்கித்தான் அதைத் திருப்பி வைக்க வேண்டும். ஒன்றேகால் மீட்டர் நீளக் குழல் அந்த ஒல்லிக் கால்களின் மேல் காற்றில் ஆடுவதும் நிற்காது. ஐபீஸ் ஒரு நேரம் தலைக்கு மேல் போகும், ஒரு நேரம் குழலுக்கு அடியில் போகும். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு இது லாயக்கில்லை என்று நான் சொன்னேன். சாரும் ஒத்துக்கொண்டார். மவுண்டைத் தூக்கி வைத்துவிட்டு, குழலுக்கு ஒரு டாப்சோனியன் பெட்டி, அதாவது துருவத்தைத் தேடாமல் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் எளிய மர மவுண்ட், கட்டுவது என்று முடிவானது.

முதலில் ஆடி. வருஷக்கணக்கில் படிந்த தூசியும் பூஞ்சைத் திட்டும் இருந்தன. ஆடியின் மேல் இருக்கும் அலுமினியப் படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். துணியால் துடைத்தால் தூசியே அதைக் கீறிவிடும். அதனால் துடைக்கக் கூடாது, கழுவ வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, ஆடியை முகம் மேலே இருக்கும்படி வைத்து, முதலில் தண்ணீரை ஓடவிட்டே தூசியைப் போக்கினோம். பிறகு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் ஊறவைத்தோம். அதன் பிறகுதான் பஞ்சு. பஞ்சைத் தண்ணீருக்கு அடியிலேயே, அதன் சொந்த எடையில் மட்டும், ஒரு பக்கமாக ஒரே இழுப்பு இழுத்துவிட்டுத் தூர எறிந்துவிட வேண்டும். அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு.

எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். ஆகவே கடைசி அலசலுக்குக் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீர்தான். அது உப்பு நீக்கிய தண்ணீர். அலசியபின் ஆடியைச் சாய்த்து நிறுத்தி, நின்ற துளிகளை மெல்லிய காகிதத்தின் முனையால் தொட்டு உறிஞ்சினோம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் படலத்தில் ஊசிமுனை ஓட்டைகள் சில தெரிந்தன. அவை படத்தைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை. என்றைக்காவது மறுபூச்சு போடலாம், இப்போது அவசரமில்லை. காய்ந்ததும் ஆடியின் நடுமையத்தில், கோப்புத் தாளின் துளையில் ஒட்டும் காகித வளையம் ஒன்றை ஒட்டினோம். நடுவில் எப்படியும் துணை ஆடியின் நிழல் விழுவதால் அந்த வளையம் ஒளியை மறைக்காது. பின்னால் காலிமேஷனுக்கு, அதாவது ஆடிகளை நேர்ப்படுத்துவதற்கு, அதுதான் ஆதாரம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உதிரிகள் இருந்த டப்பாவில், ஐபீஸின் அடியில் திருகிப் பொருத்தும் கறுப்புச் சூரிய வடிகட்டி ஒன்றும் இருந்தது. பழைய தொலைநோக்கிகளோடு இப்படி வருவதுண்டு. ஆறு அங்குல ஆடி திரட்டும் வெயில் மொத்தமும் குவியும் இடத்தில் அந்தச் சின்னக் கண்ணாடி நிற்கிறது. சூடேறி அது விரிசல் விட்டால், பார்த்துக்கொண்டிருப்பவரின் கண் ஒரு நொடியில் போய்விடும். அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டோம். யாருக்கும் கொடுக்கவில்லை, பத்திரப்படுத்தவும் இல்லை. உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே உடைத்துவிடுங்கள். சூரியனுக்கான வடிகட்டி குழலின் வாயை முழுக்க மூடும் வகையாக, அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். 2010 ஜனவரி 15 அன்று எங்கள் ஊர் முழுக்க, சூரியன் வளையமாகத் தெரியும் கங்கண கிரகணம் பார்த்தது. அடுத்த கிரகணத்துக்குப் பிள்ளைகள் ஆசையாக வந்து நிற்கும்போது இந்த விஷயத்தில் கவனக்குறைவுக்கு இடமே இருக்கக் கூடாது.

குழல் இரும்புத் தகடு. உள்ளே கறுப்பு வண்ணம் உதிர்ந்து பளபளப்பாக இருந்தது. பக்கவாட்டு வெளிச்சம் அதில் பட்டு எதிரொளித்தால் வானத்தின் கறுப்பு சாம்பலாகிவிடும். கரும்பலகைக்கு அடிக்கும் வண்ணத்தில் சலித்த மரத்தூளைக் கலந்து அடித்தோம். சொரசொரப்பாகக் காய்ந்ததும் ஒளியை நன்றாக விழுங்குகிறது.

பெட்டியின் அளவெல்லாம் ஒரு புள்ளியிலிருந்துதான் புறப்படுகிறது: குழலின் சமநிலைப் புள்ளி. ஆடி, ஃபைண்டர் (குறி பார்க்கும் சின்னத் தொலைநோக்கி), கனமான ஐபீஸ் எல்லாம் மாட்டிய நிலையில் குழலை ஓர் உருளைக் கம்பியின் மேல் வைத்து உருட்டிப் பார்த்தோம். அடியிலிருந்து 48 செ.மீ.யில் நின்றது. அந்த இடத்தைச் சுற்றி 18 மி.மீ. பிளைவுட்டில் ஒரு சதுரப் பெட்டி. அதன் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வட்டங்கள்தான் மேல்கீழ் அச்சு. இதற்கு நாலு அங்குல பி.வி.சி. குழாயின் மூடிகளே போதும். விட்டம் ஒரே சீராக இருக்கும், பிளம்பிங் கடையில் கிடைக்கும். இந்த வட்டங்கள் உட்காரும் தொட்டில்போன்ற பெட்டி ஒன்று, அதைத் தாங்கும் தரைப்பலகை ஒன்று. நடுவில் ஒரு 12 மி.மீ. போல்ட். அவ்வளவுதான் மவுண்ட்.

இந்த வடிவத்தை உலகுக்குத் தந்தவர் ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, 1944இல் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் சேர்ந்து 1967 வரை துறவியாக இருந்தவர். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, அட்டைக் குழலில் மாட்டி, தெருமுனையில் வைத்துப் போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுச் சந்திரனைக் காட்டினார். 1968இல் அவரைச் சுற்றி நடைபாதை வானியலாளர் குழு ஒன்று உருவானது. காசில்லாதவனும் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அவர் இந்த வடிவத்துக்குக் காப்புரிமை கேட்கவில்லை. பட்டறைக்காரன் என்ற முறையில் அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

உராய்வு பற்றிச் சார் முதல் நாள் கேட்டதன் அர்த்தம் இங்கேதான் விளங்கியது. என் தொழிலில் உராய்வைக் குறைப்பதே குறி. சுழலும் எதற்கும் பால் பேரிங் போடவே கை போகும். தொலைநோக்கிக்கு அது ஆகாது. லேசான காற்றுக்கே திரும்பிவிடும், கையை எடுத்ததும் நகர்ந்துவிடும். இங்கே தேவை அளவான உராய்வு. அதுவும், அசையத் தொடங்கும்போதும் அசைந்துகொண்டிருக்கும்போதும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் பிடித்து, பிறகு வழுக்கினால் சனிக் கிரகம் ஒவ்வொரு தள்ளலுக்கும் துள்ளி வெளியே போய்விடும். இந்தக் குணம் டெஃப்லானுக்கு உண்டு, புடைப்பு போட்ட சன்மைக்காவின்மேல் அது நகரும்போது. கடையில் வழவழப்பான சன்மைக்காவைத்தான் முதலில் எடுத்துப் போடுவார்கள். பொடிப்பொடியாக மேடுபள்ளம் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தரைப்பலகையில் மூன்று டெஃப்லான் துண்டுகள். ஒவ்வொன்றும் கீழே இருக்கும் மூன்று கால்களுக்கு நேர் மேலே வரவேண்டும். அப்போதுதான் பாரம் நேராகத் தரைக்கு இறங்கும், பலகை வளையாது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு துண்டுகள் மேலே, பி.வி.சி. வட்டங்கள் உட்காரும் வளைவில். ஆணியடித்தால் அதன் தலை டெஃப்லானுக்கு உள்ளே நன்றாகப் புதைய வேண்டும், இல்லாவிட்டால் சன்மைக்காவை உழுதுவிடும்.

பலகை அறுத்துக் கொடுத்தவர் எங்கள் தெரு மர ஆசாரி அண்ணாச்சி. இரண்டு பக்கப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டி, ஒரே அறுப்பில் வளைவை வெட்டச் சொன்னேன். "என்னவே, ஒரு பெட்டிதான, இதுக்கு எதுக்கு இம்புட்டு மூலமட்டம்?" என்றார். "ரெண்டு பக்கமும் ஒசரம் மாறிச்சின்னா குழல் கோணிட்டு நிக்கும் அண்ணாச்சி, நேர மேல தூக்கினா சந்திரன் பக்கவாட்டுல போயிரும்" என்றேன். அதன்பிறகு அவரே ஒவ்வொரு மூலைக்கும் மட்டம் வைத்துப் பார்த்தார். பெட்டி முடிந்த அன்று குடும்பத்தோடு வந்து சந்திரனைப் பார்த்தார். இப்போது அவரும் குழுவில் ஓர் ஆள். பிளைவுட்டின் அறுத்த முனைகளுக்கெல்லாம் மூன்று பூச்சு வார்னிஷ் அடிக்கச் சொன்னது அவர்தான். நம் ஊர் கரையானையும் ஐப்பசி ஈரத்தையும் அறிந்தவர் சொல்.

காலிமேஷன் என்பது இரண்டு ஆடிகளையும் ஐபீஸையும் ஒரே கோட்டில் நிறுத்துவது. லேசர் கருவி விற்கிறார்கள், வாங்க வேண்டியதில்லை. ஐபீஸைத் தாங்கி முன்பின் நகர்த்தும் ஃபோகஸரின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் பிளாஸ்டிக் மூடியின் நட்டநடுவில் 2 மி.மீ. துளை போட்டால் போதும். அதன் வழியாகப் பார்த்து, முதலில் துணை ஆடி ஃபோகஸருக்கு அடியில் வட்டமாக, நடுவில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு துணை ஆடியின் மூன்று திருகுகளைத் திருப்பி, முதன்மை ஆடியின் காகித வளையத்தை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கடைசியாக முதன்மை ஆடியின் பின்னாலுள்ள திருகுகளால், நாம் பார்க்கும் துளையின் பிம்பம் அந்த வளையத்துக்குள் வந்து உட்காரும்படி செய்ய வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. குழலைப் படுக்கையாக வைத்துத்தான் துணை ஆடித் திருகுகளைத் தொட வேண்டும். கையிலிருந்து திருப்புளி நழுவினால் நேரே ஆடியின்மேல் விழும்.

இறுதிச் சோதனை நட்சத்திரத்தில். வடநாடுகளில் இதற்குத் துருவ நட்சத்திரத்தைப் பிடிப்பார்கள், அது நகராது. நமக்கு அந்த வசதியில்லை. தை மாத இரவில் திருவாதிரையைப் பிடித்தோம். அது நெல்லையில் ஏறக்குறைய நேர் உச்சியில் கடக்கும் நட்சத்திரம். உச்சியில் காற்றின் நடுக்கம் மிகக் குறைவு. ஆனால் நேர் உச்சி டாப்சோனியனுக்குப் பொல்லாத இடம், பக்கவாட்டில் தள்ளினால் குழல் சும்மா சுழலும். ஆகவே அது கிழக்கே 60 பாகை ஏறியிருக்கும்போதே வேலையை முடித்துவிட வேண்டும். 10 மி.மீ. ஐபீஸில் 120 மடங்கு உருப்பெருக்கம். திருவாதிரை பார்வை வட்டத்தை ஒன்றேமுக்கால் நிமிடத்தில் கடந்துவிடும். குவியத்தைச் சற்றுக் கலைத்தால் வளையங்களும் நடுவில் கறுப்புப் பொட்டும் தெரியும். பொட்டு நட்டநடுவில் இருந்தால் சரி. எங்களுக்குக் கால் சுற்றுத் திருகலில் நடுவுக்கு வந்தது.

பங்குனி அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை அதை நாங்குநேரிக்கு அப்பால், குழு வழக்கமாகக் கூடும் மானாவாரிக் காட்டுக்குக் கொண்டுபோனோம். மேற்கே மகேந்திரகிரி வரைக்கும் மலை கறுப்பாக நீண்டிருக்கும். தெற்கே பணகுடிப் பக்கத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் அடிவானத்தில் தெரியும். அதற்கு மேலே தொடங்குகிறது எங்கள் செல்வம். துருவம் தாழ்ந்திருப்பதால் இழந்ததற்கெல்லாம் தெற்கு வானம் ஈடு செய்கிறது. பொதிகைக்காரர்களான நமக்கு அகத்தியர் நட்சத்திரம் 28 பாகைக்கு மேல் ஏறி நிற்கும். லண்டனில் அது உதிப்பதே இல்லை. தென்சிலுவை டெல்லியில் அடிவானத்தை உரசிக்கொண்டு போகும், இங்கே சுமார் 20 பாகை உயரத்துக்கு வரும். காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் 12½ பாகை அட்சரேகையில் இருந்துகொண்டு தெற்கு வானத்தின் பெரும்பகுதியை எட்டுகிறது. நாம் அதைவிடக் கிட்டத்தட்ட 4 பாகை தெற்கே இருக்கிறோம். இது பெரிய கொடுப்பினை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அன்று 25 மி.மீ. ஐபீஸில், 48 மடங்கில், முதலில் ஈட்டா கரினே நெபுலா என்ற வாயு மேகம். 1843இல் வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாக வெடித்தெழுந்து பிறகு மங்கிய நட்சத்திரம் அதற்குள் இருக்கிறது. ஒளிப்புகையின் நடுவே கறுப்புப் பிளவு ஒன்று துல்லியமாகத் தெரிந்தது. பிறகு சிலுவைக்கு அருகிலுள்ள நகைப்பெட்டி நட்சத்திரக் கொத்து. நள்ளிரவை ஒட்டி ஒமேகா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு மங்கிய நட்சத்திரம்போல் தெரிவது, ஐபீஸில் பார்வை வட்டத்தின் பெரும்பகுதியை நிறைத்தது. சுமார் ஒரு கோடி நட்சத்திரங்களின் பந்து, 17,000 ஒளியாண்டு தூரம். ஓரங்களில் தனித்தனிப் பொடியாக நட்சத்திரங்கள் பிரிந்து தெரிந்தன. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு கல்லூரி மாணவி ஐபீஸை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வரிசையில் நின்ற யாரும் அவளை அவசரப்படுத்தவும் இல்லை.

இதில் ஒரு நடைமுறை விஷயம். குழல் நேர் மேலே பார்க்கும்போது ஐபீஸ் தரையிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் இருக்கும், நின்று குனிந்து பார்க்கலாம். தென்சிலுவை உயரத்துக்கு இறக்கினால் அது 80 செ.மீ.க்கு வந்துவிடும். பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்களுக்கு முதுகு போய்விடும். அதனால் உட்கார்ந்து பார்க்க ஒரு முக்காலி கட்டாயம். தெற்கு வானத்தை அதிகம் பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் பெட்டி கட்டும்போதே கால்களை ஒரு சாண் உயர்த்திக்கொள்வது நல்லது. அடுத்த பெட்டியில் அப்படித்தான் செய்யப்போகிறோம். தங்கள் முறை வரும்வரை படுத்துக்கொண்டே வெறுங்கண்ணால் பார்க்கிறவர்களுக்குப் பத்தமடைப் பாய் விரித்துவிடுவோம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு செல்போன் வெளிச்சம் போதும் அதைக் கெடுக்க.

ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு எந்த மவுண்டும் நிற்காது. அந்த மாதங்களில் சுவர் மறைவான மாடியில் சந்திரனும் கிரகங்களும் மட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. அப்போது குழலின் இரு வாயையும் மூடி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை அதை வாணலியில் வறுத்துத் திரும்பப் போடுகிறோம். பூஞ்சை மறுபடி வராமலிருக்க அதுவே வழி. மார்கழியில் ஆற்றுப் பாசனப் பகுதிகளில் பனி இறங்கித் துணை ஆடி வியர்க்கும். குழலின் வாயில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு அட்டையைச் சுருட்டிச் செருகினால் நள்ளிரவு வரை தாங்குகிறது.

இனி நாங்கள் தொடங்கவிருப்பது எட்டு அங்குல ஆடி. இந்த முறை வாங்கப் போவதில்லை, தேய்க்கப் போகிறோம். 200 மி.மீ. கண்ணாடி வில்லை இரண்டு வந்துவிட்டன; கண்ணாடியைத் தேய்க்கும் 80 நம்பர் கார்போரண்டம் தூளும் இருக்கிறது. குவியத் தூரம் அதே 1200 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் நடுக்குழிவின் ஆழம் 2.08 மி.மீ. வரவேண்டும். என் பட்டறை டயல் கேஜ் அதை அளந்துவிடும். அதன்பிறகு மெருகேற்றும் கட்டத்தில் கோள வடிவத்தைப் பரவளையமாக மாற்ற வேண்டும். அந்த வித்தியாசம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. டயல் கேஜுக்கு எட்டாது. அதற்கு 19ஆம் நூற்றாண்டில் ஃபூக்கோ கண்டுபிடித்த கத்திமுனைச் சோதனைதான்: ஆடி குவிக்கும் ஒளியைக் கத்திமுனையால் மறைத்து, ஆடியில் தெரியும் நிழலை வைத்து அதன் வடிவத்தைக் கணிப்பது. ஒரு சவரக்கத்தி பிளேடு, ஓர் எல்.இ.டி., மைக்ரோமீட்டர் திருகு வைத்து அதற்கான மேசையை இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். தேய்க்கும் வேலை பேட்டைப் பட்டறையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில். இரண்டு கையும் கொஞ்சம் பொறுமையும் இருக்கிற யாரும் வரலாம். தூள் கறை படும், பழைய சட்டை போட்டு வாருங்கள்.